பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு ஊருக்குப் போகிறீர்களா? நகை வாங்கமுதல்

முதல் பெறாமகனைப் பார்க்கப் போனபோது லண்டனிலேயே ஒரு குட்டிக் காப்பு வாங்கிக்கொண்டு போனேன். வடிவான பெட்டி, வெள்ளை நாடா. மாமி காப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பவுண்தானோ பிள்ளை?" என்று கேட்டார். உள்பக்கத்தில் 375 என்று பொறித்திருந்தது. அதாவது 9 கரட். ஆயிரம் பங்கில் 375 பங்குதான் தங்கம். யாழ்ப்பாணத்தில் நகை என்றால் 22 கரட், 916. மாமி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்தவர்தான், இன்னும் வெளியே எடுக்கவில்லை.

அதனால் இங்கிருந்து காவிக்கொண்டு போகாதீர்கள். யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதி இருக்கிறது. கொழும்பில் ஓரிரு நாள் நிற்பவர்களுக்குச் செட்டியார் தெரு.

சரி, என்ன வாங்குவது? மோதிரம், காப்பு, சங்கிலி, அரைநாண் என்று எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் பஞ்சாயுதம். சங்கு, சக்கரம், வாள், வில், கதாயுதம் ஐந்தும் உள்ள சின்னப் பதக்கம். பழைய பெயர் ஐம்படைத்தாலி. தாலி கழற்றாத வயதிலேயே போர்க்களத்துக்கு வந்துவிட்டான் என்று பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனைப் புறநானூறு பாடுகிறதே, அது இந்தத் தாலிதான். சிங்களவரும் பிள்ளைக்கு இதைப் போடுவார்கள், ஆகவே கொழும்பிலும் தேடி அலையத் தேவையில்லை. என்னுடையதை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். அதில் கதாயுதத்தின் நுனி நசுங்கிப் போயிருக்கும். பல் முளைத்த நேரம் நான் சப்பியதாம்.

ஒரு பவுண் 8 கிராம். பதக்கத்துக்குக் கால் பவுணே போதும், மோதிரம் அதைவிடக் குறையும். பற்றுச்சீட்டில் நிறை, கரட், செய்கூலி மூன்றும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தால் பேசாமல் அடுத்த கடைக்கு ஏறலாம். கல் வைத்தது வேண்டாம். கல்லின் நிறையையும் தங்கக் கணக்கில் சேர்த்துவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம், கழன்றால் பிள்ளை விழுங்கிவிடுமோ என்று இன்னொரு பயம். பெயர் வெட்டவோ, அம்மம்மாவின் பழைய மோதிரத்தை உருக்கிச் செய்யவோ விருப்பம் என்றால், இறங்கிய அடுத்த நாளே கொடுத்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டுச் சனம் நிறைந்திருக்கும். அந்த நேரம் "நாளைக்கு வாங்கோ" என்பதை நாலு தரம் கேட்க வேண்டிவரும்.

கடைக்குப் போகமுதல் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். யார் என்ன போடுவது என்று அநேகமாக ஏற்கெனவே பேசி வைத்திருப்பார்கள். அம்மம்மா சீட்டுக் காசில் ஒரு மோதிரம் செய்து வைத்திருக்க, நீங்கள் இரண்டு பவுண் சங்கிலியோடு போய் நின்றால் அந்த மோதிரத்தை அவர் வெளியே எடுக்கவே கூச்சப்படுவார். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதே அளவு திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற யோசனை வேறு அவர்களுக்கு. பிள்ளை பிறந்த துடக்குக் (தீட்டு) கழிந்த பிறகு, 31ஆம் நாள், மூத்தவர்கள் போட்டு முடிய நீங்கள் போடுங்கள்.

படம் எடுத்து முடிந்ததும் கழுத்தில் உள்ளதைக் கழற்றிவிடுங்கள். சங்கிலியோ நூலோ, கழுத்தில் கிடக்க பிள்ளையைத் தூங்க விடக்கூடாது. இறுகினால் மூச்சுத் திணறும், அறுந்தால் வாய்க்குள் போகும். யாராவது "நாங்கள் எல்லாம் போட்டு வளரேல்லையோ" என்பார்கள். சிரித்துக்கொண்டே கழற்றுங்கள். காப்பு என்றால் அதன் வாய் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலில் கீறினால் பிள்ளையின் கன்னத்திலும் கீறும்.

இனி, கைக்குழந்தையோடு ஊருக்குப் போய் நகையோடு திரும்புபவர்களுக்கு. சுங்கத்தில் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய பெறுமதிக்கு ஒரு வரம்பு உண்டு, பரிசாகக் கிடைத்ததும் அதற்குள் எண்ணப்படும். பிரிட்டனுக்கு 390 பவுண்ட்ஸ் வரை வரியில்லை. தாண்டினால் கூடிய தொகைக்கு மட்டுமல்ல, முழுப் பெறுமதிக்கும் வரி கட்ட வேண்டும். கனடாவில் 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்றவருக்கு 800 டொலர். பிள்ளையின் பாவனைக்கான பொருளுக்குப் பிள்ளைக்கும் தனியாக அந்தச் சலுகை உண்டு, தாய் தகப்பன் எழுதிக் கொடுக்கலாம். பற்றுச்சீட்டையும் நகையையும் கைப்பையில் வையுங்கள். நகைப் பெட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை, மாமியின் அலுமாரியில் இடம் இருக்கிறது.