ஷிஃப்ட்: 18-ஆம் நூற்றாண்டு உள்ளங்கியைக் கையாலேயே தைப்பது எப்படி?

பழைய ஐரோப்பிய உடைகளைத் தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பட்டு கவுனில்தான் கை வைக்கிறார்கள். கண்ணைப் பறிப்பது அதுதானே! ஆனால் உள்ளே போடுவது சரியாக அமையாவிட்டால் மேலே போடுவது எதுவும் ஒழுங்காக உட்காராது. அதனால் ஷிஃப்டில் தொடங்குங்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சீமாட்டி முதல் வேலைக்காரப் பெண் வரை எல்லோரும் உடம்பை ஒட்டி முதலில் போட்டது இந்த உள்ளங்கியைத்தான். பெரும்பாலும் லினன் துணி. வியர்வையை வாங்கிக்கொள்வதும் இதுதான், அடிக்கடி வெளுக்கப் போவதும் இதுதான்.

எலியாஸ் ஹோவ் தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846-இல். அதற்கு முன்னால் இந்தத் தையல் முழுக்கக் கைவேலை. சின்னச் சின்னக் கைத்தையல் துணியோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். இயந்திரத் தையல் போட்ட லினனில் அந்த விளிம்பு கொஞ்சம் விறைத்தே நிற்கும். இரண்டையும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

துணியும் நூலும்

வெள்ளை லினன், நடுத்தர கனத்தில் 3 மீட்டர். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் துவைத்துக் காயவையுங்கள். நான் முதல் முறை இதைச் செய்யவில்லை; தைத்து முடித்து ஒரே ஒரு சலவைக்குப் பிறகு கைப்பகுதி முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது. லினன் நூல், மெல்லிய ஊசி, ஒரு கட்டி தேன்மெழுகு, நடுவிரலுக்கு உலோகப் பூண் இருந்தால் போதும். நூலை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை மட்டும் எடுத்து, மெழுகின் மேல் இரண்டு முறை இழுங்கள். சிக்கும் விழாது, பிசிறும் எழாது.

வெட்டுவது

பேப்பர் பேட்டர்ன் எதுவும் வேண்டாம். எல்லாமே செவ்வகம், சதுரம், முக்கோணம்தான். துணி விலை உயர்ந்த காலத்தில் ஒரு துண்டும் வீணாகக் கூடாது என்று கண்டுபிடித்த கணக்கு இது.

மார்புச் சுற்றளவு 90 செ.மீ. உள்ளவருக்கு: உடல் 63 × 200 செ.மீ. (அகலம் × நீளம்), ஒரே துண்டு. தோளில் மடிப்பு வரும், தையல் வராது. கைக்கு 42 × 35 அளவில் இரண்டு. அக்குளுக்கு 15 செ.மீ. சதுரம் இரண்டு. 20 × 60 அளவில் இரண்டு துண்டுகளை மூலைக்கு மூலை வெட்டினால் கீழ்ப்பகுதியை விரிக்க நான்கு முக்கோணம் கிடைக்கும். எல்லா அளவுகளிலும் தையலுக்கான இடம் 1.5 செ.மீ. அடங்கியிருக்கிறது.

பென்சிலால் கோடு போட வேண்டாம். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து, ஒரே ஒரு இழையை ஊசி முனையால் தூக்கி மெல்ல இழுங்கள். துணி சுருங்கிக்கொண்டே வரும், இழை வெளியே வந்ததும் மயிரிழை அளவில் ஒரு இடைவெளி நேராக ஓடும். அதன் மேலேயே கத்தரியுங்கள். இழை நடுவில் அறுந்தால் பதற வேண்டாம், அறுந்த இடம் வரை வெட்டிவிட்டு அடுத்த முனையைப் பிடியுங்கள்.

அக்குள் சதுரம்

உண்மையான பாடம் இங்கேதான். கைத்துண்டை நீளவாக்கில் மடித்தால் இரண்டு விளிம்புகள் சேரும். சதுரத்தின் ஒரு பக்கத்தை ஒரு விளிம்பின் மேல்முனையிலும், அதை ஒட்டிய அடுத்த பக்கத்தை மற்ற விளிம்பிலும் தைக்கவும். மீதி நீளத்தை ஒன்றோடொன்று மூட்டவும். இப்போது சதுரம் வைரம் போலத் திரும்பி நிற்கும். மீதமுள்ள இரண்டு பக்கங்களும் உடலின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் சேரும். கையைத் தூக்கினால் அந்தச் சதுரம் விரியும். இறக்கினால் மடிந்து மறையும். மூலைகளில் 1.5 செ.மீ. முன்பே தையலை நிறுத்தி, அங்கே மூன்று முறை கெட்டியாகத் தையுங்கள். கிழிவது முதலில் அந்த மூலைதான்.

மூட்டுவது

சதுரத்துக்குக் கீழே முக்கோணங்களின் நேர் விளிம்பை உடலோடு சேர்த்து, சாய்ந்த விளிம்புகளைத் தங்களுக்குள் மூட்டுங்கள். சென்டிமீட்டருக்கு நான்கு ஓட்டுத்தையல், ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னுக்குக் கொண்டுவந்து ஒரு கெட்டித்தையல். அப்புறம் ஒரு பக்க ஓரத்தைப் பாதியாகக் கத்தரித்து, மற்ற ஓரத்தை அதன் மேல் மடித்து ஹெம்மிங் போடுங்கள். பிசிறு உள்ளே அடைபட்டுவிடும், எத்தனை முறை துவைத்தாலும் அவிழாது. அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது.

கழுத்தை முதலில் சின்னதாக வெட்டி, போட்டுப் பார்த்துப் பார்த்துப் பெரிதாக்குங்கள்; முன்னால் இறக்கம் அதிகம், பின்னால் குறைவு. கைமுனையைச் சுருக்கி, பட்டி வைத்து முடிக்கலாம். கீழ்மடிப்புக்கு முன் உடையை ஓர் இரவு தொங்கவிடுங்கள். சாய்வாக வெட்டிய பகுதி இழுபட வேண்டியது இழுபட்டுவிடும்.

கடைசியாக, அந்தக் காலத்தில் சலவையில் உடை மாறாமலிருக்கச் செய்தது போல, நெஞ்சுப்பகுதியில் கழுத்து ஓரத்தை ஒட்டிச் சிவப்பு நூலால் உங்கள் பெயரின் முதலெழுத்தைக் குறுக்குத்தையலில் போடுங்கள். இரண்டிரண்டு இழையாக எண்ணி ஊசி குத்தினால் எழுத்து நேராக வரும்.