தர்ம நிகழ்ச்சிக்குப் போய் உடையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்

இந்த சீசனில் எங்களோடு புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இருவருக்குமே கண் கூர்மை, நடையும் நன்றாக இருக்கிறது. ஆனால் சிவப்பு மையால் அடிக்கும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. இதே வரிகளை நானும் எழுதியிருக்கிறேன். பிரபலங்களின் உடையைப் பற்றி எழுத ஆரம்பித்துப் பதினாறு வருடமாகிறது. அதில் பாதிக்கு மேல் நிதி திரட்டுவதற்காக நடக்கும் ஃபேஷன் இரவுகள்தான்.

பெயரில் எழுத்துப் பிழை, ஒருவர் படத்துக்கு அடியில் இன்னொருவர் பெயர் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய்விடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கண்காட்சித் தலைப்பும் டிரெஸ் கோடும் ஒன்றென்று நினைப்பது

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வருடாவருடம் நடத்தும் நிதி திரட்டும் இரவான மெட் காலாவைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு வருடமும் நடக்கும் தவறு இது. அங்கே கண்காட்சிக்கு ஒரு தலைப்பு, விருந்தினர் உடுத்துவதற்கு வேறொரு குறிப்பு, அதுதான் டிரெஸ் கோடு. 2024இல் கண்காட்சியின் பெயர் ‘ஸ்லீப்பிங் பியூட்டீஸ்’. உடனே பலரும் தூங்கும் இளவரசிக் கதையை வைத்துக்கொண்டு, யார் இளவரசி மாதிரி வந்தார், யார் வரவில்லை என்று மதிப்பெண் போட்டார்கள். கண்காட்சி அதைப் பற்றியதே அல்ல. இனி யாரும் உடுத்த முடியாத அளவுக்கு நைந்துபோய்ப் பெட்டிக்குள் படுத்துக் கிடக்கும் பழைய உடைகளைத்தான் அந்தப் பெயர் குறித்தது. டிரெஸ் கோடோ ‘த கார்டன் ஆஃப் டைம்’. அது ஆங்கில எழுத்தாளர் ஜே. ஜி. பல்லார்டின் சிறுகதை ஒன்றின் தலைப்பு. அந்தக் கதையில் ஒவ்வொரு பூவைப் பறிக்கும்போதும் காலம் கொஞ்சம் பின்னால் போகிறது, பூக்களோ குறைந்துகொண்டே வருகின்றன. இதைப் படித்துவிட்டுப் போயிருந்தால், வாடும் பூவும் மணலும் கடிகாரமும் உடையில் ஏன் வந்தன என்று முதல் பார்வையிலேயே பிடிபட்டிருக்கும். அழைப்பிதழை முழுதாகப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

படத்தைப் பார்த்துத் துணிக்குப் பெயர் வைப்பது

‘பளபளக்கும் பட்டு’ என்று எழுதியிருந்தார் புதியவர் ஒருவர். பளபளத்தது சாட்டின். பட்டு என்பது நாரின் பெயர், சாட்டின் என்பது நெசவின் பெயர். பட்டு நாரிலும் சாட்டின் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். ஷிஃபானும் ஜார்ஜெட்டும் அப்படித்தான் குழப்பும். இரண்டுமே மெல்லியவை, இரண்டிலுமே இழைகள் நன்றாக முறுக்கப்பட்டவை. ஷிஃபான் காற்றில் மிதக்கும், வெளிச்சம் அதன் ஊடே போகும். ஜார்ஜெட் சற்றுக் கனத்து, மேற்பரப்பு சொரசொரப்பாகி, நடக்கும்போது உடம்போடு விழும். ஆகவே நிற்கும் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நடந்து வரும் காட்சியைப் பாருங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் நிறத்தையும் மாற்றும், கண்ணுக்குத் தெரியாத உள்துணியையும் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ‘மெல்லிய துணி’ என்று எழுதினாலே போதும், தவறாகாது.

உடம்பைப் பற்றி எழுதுவது

எழுதாதீர்கள்.

‘அவர் தேர்ந்தெடுத்த உடை’

பல நேரம் அவர் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். ஸ்டைலிஸ்ட் ஒருவர் பத்து உடைகளை இரவல் வாங்கி வந்திருப்பார். அல்லது அந்த நிறுவனத்தின் விளம்பரத் தூதர் என்று ஒப்பந்தம் இருக்கும். அந்த நிலையில் ‘துணிச்சலான தேர்வு’ என்று பாராட்டுவதும் சரியல்ல, ‘ரசனை போதாது’ என்று குறை சொல்வதும் சரியல்ல. சொந்த உடையா, இரவலா, ஒப்பந்தமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ‘உடுத்தி வந்தார்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரவலிலும் பெரிய வித்தியாசம் உண்டு. 1962இல் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ உடுத்திய கவுனை 2022 மெட் காலாவுக்குத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் உடுத்தி வந்தார். 2016இல் 48 லட்சம் டாலருக்கு ஏலம் போன உடை அது. படிக்கட்டு ஏறும்வரைதான் அசல், உள்ளே போனதும் நகலுக்கு மாறிவிட்டார். ‘வின்டேஜ் கவுனில் கலக்கினார்’ என்று கடந்துபோக முடியாத செய்தி. வரலாற்று மதிப்புள்ள உடைகளை யாரும் உடுத்தக் கூடாது என்று அருங்காட்சியகங்களின் சர்வதேச அமைப்பு அறிக்கையே விட்டது. உடுத்துவதற்காகத் தைத்த பழைய உடை வேறு, பாதுகாப்பதற்காக வைத்திருக்கும் உடை வேறு.

மேடையில் சொன்ன தொகையை அப்படியே எழுதுவது

மற்றவற்றைப் பொறுத்துக்கொள்வேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் பொறுமை போய்விடுகிறது. போன வாரம் வந்த இரண்டு கட்டுரைகளிலும் முதல் வரியே இதுதான்.

நான் எழுத வந்த இரண்டாம் வருடம், சாவை எதிர்நோக்கி இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றுக்காக ஒரு ஃபேஷன் இரவு நடந்தது. கடைசியில் ஆளுயர அட்டைக் காசோலையை இரண்டு மாடல்கள் மேடைக்குத் தூக்கி வந்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கைதட்டல் ஓய்வதற்குள் எண்ணைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் அதுவே என் தலைப்பு, முதல் வரியும் அதுவே.

ஐந்து வாரம் கழித்து அந்த இல்லத்தின் கணக்கைப் பார்க்கும் அம்மா கூப்பிட்டார். குரலில் துளியும் கோபம் இல்லை.

“உங்க கட்டுரையைப் படிச்சேம்மா, அழகா எழுதியிருக்கீங்க. ஒரு விஷயம் சொல்லணும். நீங்க போட்டிருக்கிற தொகையில நாலுல ஒரு பங்குகூட எங்களுக்கு வரலை. அதுகூடப் பரவாயில்லைம்மா. மாசாமாசம் அனுப்புறவங்கள்ல பதினோரு பேர் இந்த மாசம் அனுப்பலை. கேட்டா, ‘உங்களுக்குத்தான் இவ்வளவு வந்திருக்கே, நாங்க வேற இடத்துக்குக் குடுக்கிறோம்’னு சொல்றாங்க. ராத்திரி டியூட்டிக்கு இருந்த நர்ஸ் ஒருத்தரை நிறுத்த வேண்டியதாப் போச்சு.”

வேறெதுவும் அவர் சொல்லவில்லை. நான் மறுப்பு எழுதினேன். உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. நின்றுபோன பதினோரு பேரில் இரண்டு பேர் திரும்ப அனுப்பத் தொடங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த அட்டையில் இருந்த எண் எப்படி உருவானது என்று அப்புறம்தான் உட்கார்ந்து விசாரித்தேன். விற்ற டிக்கெட்டுகளின் மொத்தப் பணம், செலவைக் கழிக்காமல். ஏலத்தில் கை தூக்கியவர்கள் சொன்ன தொகை, அதில் பாதிப் பேர் இன்னும் பணம் கட்டவில்லை. இலவசமாகக் கிடைத்த மண்டபத்துக்கும் உடைகளுக்கும் யாரோ போட்ட மதிப்பு, அது பணமே இல்லை. இவை எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண். அதிலிருந்து கழிய வேண்டியதோ பெரிய பட்டியல்: ராம்ப், விளக்கு, ஒலி, மாடல்கள், மேக்கப், சாப்பாடு, பாதுகாப்பு, வந்த நட்சத்திரத்தின் விமான டிக்கெட், அறை, அவரோடு வந்த ஆறு பேரின் அறை. யாரும் திருடவில்லை. அன்றைக்கு மேடையில் நின்றவர்களில் யாருமே கழித்துப் பார்க்கவில்லை, எழுதிய நானும் பார்க்கவில்லை.

கழித்துப் பார்க்காமல் விட்டால் எதுவரை போகும் என்பதற்குப் பொதுப் பதிவே இருக்கிறது. ‘ஃபேஷன் ஃபார் ரிலீஃப்’ என்ற அறக்கட்டளை கேன்ஸிலும் லண்டனிலும் பெரிய பெரிய ஃபேஷன் இரவுகளை நடத்தியது. அதைப் பற்றி இங்கிலாந்து, வேல்ஸ் அறக்கட்டளை ஆணையம் 2024 செப்டம்பரில் விசாரணை அறிக்கை வெளியிட்டது. 2016 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை அதன் மொத்தச் செலவில் 8.5 சதவீதம்தான் உதவித்தொகையாகப் போயிருந்தது. அத்தனை வருடமும் அந்த இரவுகளின் உடைகளைப் பற்றி உலகம் முழுக்க எழுதினார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பணம் ஒழுங்காகப் போயிருந்தாலும் எங்கே போனது என்பதைத் தவறாக எழுதுகிறோம். 2025 மெட் காலாவில் 3.1 கோடி டாலர் திரண்டதாக அறிவித்தார்கள். புதியவரின் கட்டுரையில் அது ‘ஏழைகளுக்கான நிதி’ என்று ஆகியிருந்தது. இல்லை. அது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்கான நிதி. 1948இல் 50 டாலர் டிக்கெட்டோடு தொடங்கிய நாளிலிருந்தே அதற்குத்தான். உடையைப் பாதுகாப்பதும் நல்ல காரியம்தான். ஆனால் படிப்பவருக்கு அது இன்ன காரியம் என்று தெரிய வேண்டும்.

நேராகச் சொல்லக்கூடிய நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. 1997 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனம் இளவரசி டயானாவின் 79 உடைகளை ஏலம் விட்டது. 32 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. பயனடைந்தவை புற்றுநோய், எய்ட்ஸ் சார்ந்த அமைப்புகள். 1985இல் வெள்ளை மாளிகையில் அவர் நடிகர் ஜான் டிரவோல்டாவோடு ஆடியபோது உடுத்தியிருந்த, விக்டர் எடல்ஸ்டீன் தைத்த கருநீல வெல்வெட் கவுன் மட்டும் 2,22,500 டாலருக்குப் போனது. எந்த உடை, யார் தைத்தது, எந்த இரவில் உடுத்தியது, என்ன விலை, யாருக்காக என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. உடையைப் பற்றிய எழுத்தும் பணத்தைப் பற்றிய எழுத்தும் தனித்தனி என்று யாராவது சொன்னால் இந்த ஏலத்தைத்தான் காட்டுவேன்.

ஆகவே நிகழ்ச்சி நடத்துபவரிடம் கேளுங்கள். சொல்கிற தொகை செலவுக்கு முன்னா பின்னா? கையில் வந்ததா, வாக்குறுதியா? யார் கணக்கில் விழுகிறது? எந்தத் தேதியில் ஒப்படைப்பீர்கள்? போன வருடம் எவ்வளவு ஒப்படைத்தீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம், அதற்குத் தாள் இருக்கும். அமெரிக்காவில் அறக்கட்டளைகள் வரித்துறைக்குத் தரும் படிவம் 990இன் ‘ஜி’ அட்டவணையில் இப்படிப்பட்ட இரவுகளின் வரவும் நேரடிச் செலவும் தனியாகவே வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். டிக்கெட்டையே கவனியுங்கள்: அமெரிக்காவில் 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்கு விருந்தோ பொருளோ தந்தால், அதன் மதிப்பு எவ்வளவு என்று அறக்கட்டளை எழுத்தில் சொல்ல வேண்டும். அதைக் கழித்த மீதிதான் நன்கொடை.

இப்படிக் கேட்டால் அடுத்த முறை அழைக்க மாட்டார்களே என்று ஒருவர் கேட்டார். என் அனுபவத்தில் ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகவே பதில் சொல்கிறார்கள். “செலவு மொத்தமும் ஸ்பான்சர் ஏத்துக்கிட்டாங்க, டிக்கெட் பணம் ஒரு காசு குறையாம போகுது” என்று ஒருவர் சொன்னால், அதையே முதல் வரியாக்குங்கள். அவர் அதற்குத் தகுதியானவர். பதிலே கிடைக்காவிட்டால் ‘மேடையில் அறிவிக்கப்பட்ட தொகை’ என்று எழுதுங்கள். ‘திரண்டது’, ‘கிடைத்தது’ என்ற சொற்களைத் தொடாதீர்கள்.

எல்லாம் பகட்டு என்று ஒதுக்குவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். 1958இல் தொடங்கி, யூனிஸ் ஜான்சன் நெடுங்காலம் அமெரிக்க நகரங்கள்தோறும் நடத்திய எபனி ஃபேஷன் ஃபேர் என்ற ஃபேஷன் நிகழ்ச்சி தர்ம காரியங்களுக்காக 5 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கறுப்பின மாடல்கள் பெரிய மேடைகளில் இடம் கிடைக்காமல் நின்ற காலம் அது. இந்த மேடை முழுக்க அவர்கள்தான். அவர்களின் தோல் நிறத்துக்கு ஒத்த மேக்கப் கடையில் கிடைக்கவில்லை. தாங்களே இரண்டு மூன்றைக் கலந்து பூசிக்கொண்டதைப் பார்த்துத்தான் 1973இல் அவர்களுக்கென்றே ஓர் அழகுசாதன வரிசை வந்தது. அதே வருடம் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையைச் செப்பனிட நிதி திரட்ட, ஐந்து பிரெஞ்சு டிசைனர்களும் ஐந்து அமெரிக்க டிசைனர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். அமெரிக்கர்களுக்குப் பாரிஸ் எழுந்து நின்று கைதட்டியது அன்றைக்குத்தான். பகட்டு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டால் இவ்வளவும் சேர்ந்து போய்விடும்.

ஒரே உடையை மறுபடி உடுத்தியதைக் குறை சொல்வது

2014இல் கேன்ஸில் உடுத்திய கவுனையே 2020 ஆஸ்கர் மேடைக்கும் உடுத்தி வந்தார் நடிகை ஜேன் ஃபோண்டா. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இலவசமாக வந்த உடை

வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

தைத்த கைகளை விட்டுவிடுவது

2024 மெட் காலாவுக்கு நடிகை ஆலியா பட் டிசைனர் சப்யசாச்சியின் சேலையில் போனபோது, அதற்குப் பின்னால் 163 பேரின் 1,965 மணி நேர உழைப்பு இருந்தது என்று அவரே சொன்னார். நட்சத்திரமே சொல்கிறபோது நாம் அதை விட்டுவிட்டு முந்தானையின் நீளத்தை மட்டும் எழுதக் கூடாது.

போன மாதம் ஒரு நிகழ்ச்சியில் புதியவர் ஒருவரை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனேன். கடைசியாக நடக்க வேண்டிய நடிகையின் கவுனில் ஜிப் கழன்றுவிட்டது. தையல்காரர் ஒருவர் உதட்டில் நான்கு ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, முழங்காலிட்டு, கறுப்பு நூலால் முதுகுப் பக்கம் உடையைத் தைத்து மூடினார். பதினொரு நிமிடம். நடிகை மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றார். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அந்த அம்மா முதுகைத் தட்டி, “போம்மா” என்றார். மறுநாள் கட்டுரையில் நடிகையின் முதுகு வரை எல்லாம் இருந்தது, அந்த அம்மா இல்லை. பெயரைக் கேட்டு வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். வாங்கி வந்தார், எழுத்து சரிதானா என்று அவரிடமே இரண்டு முறை சரிபார்த்து.

மூன்று மாதம் கழித்துக் கூப்பிடாமல் விடுவது

யாருக்காக நடந்ததோ அவர்களைக் கூப்பிடுங்கள், நடத்தியவரை அல்ல. பணம் வந்ததா, எவ்வளவு என்று கேளுங்கள். தேதியை நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். போன மாத நிகழ்ச்சிக்கு நான் குறித்திருப்பது பன்னிரண்டாம் தேதி. வேறு தொகை சொன்னால் அதையும் போடுவதற்கு அந்த வாரம் ஒரு பத்தி இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.