தடா ஓடையில் குடும்பத்தோடு ஒரு சிறு நடை: தண்ணீரைத் தாண்டும் முறை

நாங்கள் இருப்பது சத்தியவேட்டுப் பக்கம். பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து சொந்தபந்தங்கள் வந்தால், ஆந்திராவில் உள்ள உப்பளமடுகுக்கு, அதாவது தடா அருவிக்குப் போக வேண்டும் என்பார்கள். இளவட்டங்கள் மட்டும் போவதென்றால் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. முழங்கால் வலியுள்ள அத்தையும் ஏழு வயது அக்கா மகனும் சேர்ந்து வந்தால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். எங்கள் வீட்டில் சரிப்பட்டு வந்த ஏற்பாடு இதுதான்.

எதுவரை போவது

கிளம்பும் முன்பே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: உச்சியில் இருக்கும் பெரிய அருவி இந்த நடையில் கிடையாது. அது சுமார் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது; அதன் அடிக்குப் போகப் பாறை மேல் பாறையாகத் தொற்றி ஏற வேண்டும். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்குக் கீழே உள்ள மலையிடுக்கே போதும். என்னைக் கேட்டால் அழகும் அங்கேதான். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஓடை, வழியில் அங்கங்கே மடு. ஒரு மணி நேரம் மேல் நோக்கி நடங்கள், எங்கே நிற்கிறீர்களோ அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள், திரும்புங்கள். இடத்தைக் குறி வைத்தால் 'இன்னும் கொஞ்சம்' என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புவதுதான் நல்லது.

எப்போது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது இந்த ஓடை குடும்பத்துக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி வரை: தண்ணீர் இருக்கும், வேகம் குறைந்திருக்கும். காணும் பொங்கலன்று வேண்டாம், கூட்டம். மகா சிவராத்திரிக்கு இங்குள்ள சிவன் கோயிலுக்குப் பக்தர்கள் வருவார்கள். சாமி கும்பிடத்தான் வருகிறீர்கள் என்றால் சரி, நடைக்கு அந்த நாள் தோதுப்படாது. ஏப்ரல், மே மாதங்களில் பாறை கொதிக்கும்.

முந்தின நாள் மலைப்பக்கம் மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இங்கே வெயில் அடிக்கிறது என்பது கணக்கில்லை.

வழி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. அங்கே இடது பக்கம் காளஹஸ்தி சாலையில் திரும்பி, ஸ்ரீசிட்டி வழியாக வரதையபாளையம். அங்கிருந்து காட்டுக்குள் போகும் சாலை. ரயிலில் வந்தால் சூலூர்பேட்டை போகும் லோக்கல் வண்டி தடாவில் நிற்கும். வாடகைக் கார் எடுத்தால் ஆந்திரா பர்மிட் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2022-இல் மாவட்டங்களைப் பிரித்த பிறகு இந்தப் பகுதி திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய குறிப்புகளில் சித்தூர், நெல்லூர் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

வனத்துறை செக்போஸ்ட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளே விடுகிறார்களா, நேற்று மேலே மழை உண்டா. தமிழிலேயே கேட்கலாம், புரிந்துகொள்வார்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் வண்டியைத் திருப்புங்கள்.

காலில் என்ன

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ரப்பர் அடியும் பின்பக்க வாரும் உள்ள சாண்டல்தான் சரி. ஹவாய் செருப்பு தண்ணீரில் கழன்று போகும். அதைப் பிடிக்கப் பிள்ளைகள் பாய்வார்கள். விலை உயர்ந்த ஷூ நனைந்தால் கனக்கும், அதைக் காப்பாற்றுவதற்காகவே ஆட்கள் கல்லுக்குக் கல் தாவுவார்கள். வெறுங்காலும் வேண்டாம், உடைந்த பாட்டில் கிடக்கலாம். ஆளுக்கொரு கம்பு, தோளுயரம். கடையில் விற்கும் மடக்குக் குச்சியைவிட மூங்கில் கம்பே எனக்குப் பிடிக்கும், பாரம் தாங்கும். சேலையைவிடச் சுடிதார் நல்லது. அத்தை மாதிரி சேலைதான் கட்டுவேன் என்பவர்கள் முழங்காலுக்கு மேல் தூக்கி இறுக்கிச் செருகிக்கொள்ளட்டும். நனைந்த துணியைத் தண்ணீர் இழுக்கும்.

ஓடையைத் தாண்டுவது

எங்கள் கூட்டம் நின்றுபோன இடம் இதுதான். பாதை ஓடையைக் கடந்து மறு கரைக்குப் போகும் ஓரிடத்தில் அத்தை நடுவில் ஒரு கல் மேல் ஏறி நின்றுவிட்டார். முன்னே வைக்கவும் பயம், பின்னே வைக்கவும் பயம். "நீங்க எல்லாம் போயிட்டு வாங்கம்மா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். ஆழம் முழங்காலுக்குக் கீழேதான். உயரத்தில், வழுக்கும் கல்லில் நின்றதுதான் அவரைப் பயமுறுத்தியது. "அத்தை, கல்லு வேணாம், தண்ணியிலயே இறங்கிடுங்க" என்றதும் இறங்கினார், நடந்தார், தாண்டினார்.

அதனால் முதல் விதி: கல்லுக்குக் கல் தாவாதீர்கள். தண்ணீருக்குள் இறங்கி, அடியில் உள்ள சரளையில் கால் வையுங்கள். பச்சையாகவோ கறுப்பாக மினுமினுப்பாகவோ இருக்கும் பாறை வழுக்கும்.

தாண்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குறுகலான இடம் சுலபம் என்று தோன்றும். அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். அதே தண்ணீர் சின்ன இடைவெளியில் போயாக வேண்டுமே. ஓடை அகன்று, சலசலவென்று, அடி தெரியும்படி ஓடும் இடத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே மடுவோ சரிவோ இருக்கக் கூடாது.

தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக நகர்த்துங்கள். காலைத் தூக்க வேண்டாம், தரையோடு தேய்த்து நகர்த்தினால் போதும். ஒரு கால் நிலையாக ஊன்றிய பிறகுதான் கம்பை எடுக்க வேண்டும். பிள்ளையைத் தாண்டவிடும்போது இரண்டு பெரியவர்கள் வேண்டும்: ஒருவர் மேல்பக்கம் நின்று வேகத்தை மறிக்க, இன்னொருவர் கீழ்ப்பக்கம் நின்று பிடிக்க. விரலைப் பிடிக்காதீர்கள், நழுவும், மணிக்கட்டைப் பிடியுங்கள். முதுகுப் பையில் இடுப்பு வார் இருந்தால் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உடனே உதற முடிய வேண்டும்.

முழங்காலுக்கு மேல் வேகமாகத் தண்ணீர் ஓடினால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. பெரியவர்களையே சாய்த்துவிடும்.

தண்ணீர் சொல்லும் சேதி

தெளிந்த ஓடை கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், மேலே எங்கோ மழை கொட்டுகிறது என்று பொருள். இடுக்கில் தண்ணீர் பரவ இடமில்லை, சீக்கிரம் உயரும். பை, சாப்பாடு எதையும் எடுக்க நிற்காமல் நிற்கும் கரையிலேயே மேட்டுக்கு ஏறுங்கள். காரை நிறுத்தியது மறு கரைப் பக்கம் என்றாலும் தாண்ட வேண்டாம். தண்ணீர் இறங்கும்வரை காத்திருக்கலாம்.

மடுக்களில் பிள்ளைகளை விடாதீர்கள். அமைதியாகத் தெரியும், ஆனால் சுழலும் கற்கள் குடைந்த பாறைக் குழி சட்டென்று ஆழமாகும். நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். கணுக்கால் அளவு ஓடும் இடத்தில் அவர்கள் ஆசைதீர ஆடட்டும். பக்கத்தில் போனைப் பார்க்காத ஒரு பெரியவர் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை போதும். குரங்கு உண்டு, பையைத் திறந்து வைக்காதீர்கள். கொண்டுபோன கவர், பாட்டில் அத்தனையும் திரும்ப வர வேண்டும். இடுக்கில் வெளிச்சம் சீக்கிரம் மங்கும், போனில் சிக்னலை நம்ப முடியாது. மதியம் இரண்டு மணிக்குள் வண்டியில் இருங்கள்.

பிறகு சேர்த்தது

கைக்குழந்தையோடு போகலாமா என்று சிலர் கேட்டார்கள். முதல் தாண்டுமிடம் வரை மட்டும் போங்கள். இடுப்பில் குழந்தையோடு தண்ணீரில் இறங்கினால் கம்புக்குக் கை மிஞ்சாது, கீழே பார்க்கவும் முடியாது.

இடுப்பில் கயிறு கட்டி எல்லோரையும் இணைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். கூடாது. ஒருவர் விழுந்தால் மற்றவர்களையும் இழுப்பார். கயிறு பாறையில் சிக்கினால் விழுந்தவரைத் தண்ணீருக்கு அடியிலேயே பிடித்து வைத்துவிடும். கயிறு கொண்டு போவதென்றால் கரையிலிருந்து எறிவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.