ஷெப்பர்ட்ஸ் பர்ஸ் செடியை அடையாளம் காண்பது எப்படி?

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுக் களையான ஷெப்பர்ட்ஸ் பர்ஸ், அதாவது கேப்செல்லா பர்சா-பாஸ்டோரிஸ், கிளறிவிட்ட மண்ணிலும் பாதையோரங்களிலும் தானே முளைத்து வளரும். இலையை மட்டும் பார்த்து இதை உறுதிசெய்ய வேண்டாம். தரையோடு ஒட்டி வட்டமாகப் பரவியிருக்கும் அடியிலைகள் ஒரு செடியில் ஆழமாகப் பிளவுபட்டும் இன்னொன்றில் பிளவே இல்லாமலும் இருப்பதால், அவை பழகிய கண்ணையும் ஏமாற்றிவிடும்.

சிலுவைபோல் அமைந்த நான்கு சிறிய வெள்ளை இதழ்களும், நான்கு நீண்டும் இரண்டு குட்டையாகவும் உள்ள ஆறு மகரந்தத் தாள்களும் குடும்பத்தை மட்டுமே காட்டும்.

இனத்தை ஐயமின்றிச் சொல்வது காய்தான். தண்டின் நுனியில் பூக்கள் விரிந்துகொண்டிருக்கும்போதே கீழே காய்கள் முற்றத் தொடங்கிவிடுவதால், இரண்டையும் ஒரே செடியில் பார்க்க முடிவது பெரிய வசதி. மெல்லிய காம்பின் மேல், கூர்முனை கீழாகவும் நடுவில் சற்றே உள்வாங்கிய அகன்ற பக்கம் மேலாகவும், தட்டையான முக்கோணமாகக் காய் நிற்கும். முற்றிய காயை நகத்தால் மெல்லப் பிளந்தால் இரு ஓடுகளும் கழன்று விழ, நடுவில் குறுகிய சவ்வும் அதன் இருபுறமும் பல பழுப்பு விதைகளும் தெரியும். காய் வட்டமாகவும் அறைக்கு ஒரே விதையுடனும் இருந்தால் அது பெரும்பாலும் அதே குடும்பத்தின் இன்னொரு செடியான லெபிடியம். வட்டக் காயின் விளிம்பில் அகன்ற சிறகு இருந்தால் அது அக்குடும்பத்தின் மற்றொரு களையான பென்னிகிரஸ்.

காய் பிடிக்காத இளஞ்செடியாக இருந்தால், தண்டிலைகளின் அடிப்பகுதி காதுமடல்போல் தண்டைத் தழுவியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காய்க்கும்வரை காத்திருப்பதே நல்லது.