குழாய் நசுங்கும் சிமுலேஷனில் சறுக்கும் இடங்கள்

வட்டமான உலோகக் குழாயை நிமிர்த்தி வைத்து மேலிருந்து இடித்தால், அளவுகள் பொருந்தி வந்தால், துருத்தி போல மடிப்பு மடிப்பாக இறங்கும். மோதலின் ஆற்றலை விழுங்குவது அந்த மடிப்புகள்தான். மடிப்பைக் கோட்டைவிட்ட சிமுலேஷனில் விசைக் கணக்கும் தப்பாகத்தான் வரும்.

கோட்டைவிடுவது பெரும்பாலும் மெஷ்ஷில், அதாவது கணக்கிடுவதற்காகக் குழாயை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையில். குழாய் மடிவதற்கு 1960இல் அலெக்சாண்டர் என்ற ஆய்வாளர் தந்த கணித மாதிரியின்படி, விட்டத்தையும் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய அரை மடிப்பின் நீளம் கிடைக்கும். 50 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. தடிமன் என்றால் 8 மி.மீ. சொச்சம். அதில் 5 மி.மீ. எலிமென்ட் போட்டால் அரை மடிப்புக்கு இரண்டுகூட வராது. வளைய வழியில்லாமல் குழாய் விறைத்துக்கொள்ளும், விசை கூடுதலாகத் தெரியும். 2 மி.மீ.க்காவது இறங்க வேண்டும். ஓட நேரமாகும்தான், வேறு வழியில்லை.

அடுத்தது, கணினியில் வரைந்த குழாயின் அப்பழுக்கற்ற வடிவம். நிஜக் குழாயில் எங்காவது மெல்லிய நெளிவு இருக்கும். அது இல்லாவிட்டால் தொடக்க உச்ச விசை மிகையாக வரும். முதல் மடிப்பு எங்கே விழும் என்பதைக் கணினி தசமங்களை வெட்டும்போது வரும் நுண்பிழைகள் முடிவு செய்யும். தடிமனில் சிறு பங்கு அளவுக்கு நெளிவு கொடுத்தால் போதும். பெரிதாகக் கொடுத்தால் விடையை நாமே எழுதிக்கொடுத்த மாதிரி.

குழாய் தன்னையே தொடும் தொடுகையைச் சிமுலேஷனில் அமைக்க மறந்தால் மடிப்புகள் பேய் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். இதைப் படத்திலேயே பிடித்துவிடலாம்.

பொருள் தரவில் வரும் தவறு அப்படிக் கண்ணில் படாது. இழுவைச் சோதனையின் தகைவு–திரிபு வளைவை (பரப்புக்கான விசை, அதனால் வரும் நீட்சி விகிதம்) மெய்த் தகைவாக, அதாவது இழுபட்டு மாறிய பரப்புக்கான தகைவாக, மாற்றாமல் அப்படியே ஊட்டுவது ஒன்று. திரிபு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்ற திரிபு வேகத்தை விட்டுவிடுவது இன்னொன்று. வேகத்தால் தகைவு கூடுவதைக் கணக்கிடும் கௌப்பர்–சைமண்ட்ஸ் சூத்திரத்தில் மென் எஃகுக்கு வழக்கமாக எடுக்கும் எண்கள் 40.4, 5. அதன்படி திரிபு வேகம் நொடிக்கு 40ஐத் தொடும்போதே தகைவு இரட்டிப்பாகிவிடும். அலுமினியத்துக்கு இந்த விளைவு மிகக் குறைவு. எஃகின் எண்களை அங்கே ஒட்டினால் இல்லாத வலிமை வந்துவிடும்.

சரி, ஓடி முடிந்தது. உச்ச விசையை வைத்துக் குழாயை மெச்சாதீர்கள், சராசரி விசையைப் பாருங்கள். மடிய இடம் தீர்ந்ததும் விசை செங்குத்தாக எகிறும். அந்தப் பகுதியையும் உறிஞ்சிய ஆற்றலில் சேர்த்தால் எந்தக் குழாயும் அபாரமாகத் தெரியும்.