பழைய வேட்டியில் ஒரு போர்ச்சட்டை: வண்ணாரப்பேட்டைத் துணியில் ஜாக் தைப்பது எப்படி

இடைக்கால ஐரோப்பியப் போர்வீரன் என்றதும் தலைமுதல் கால்வரை இரும்பு போர்த்திய ஒருவன்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறான். பழைய போர்களை உடையோடும் கருவிகளோடும் மீள நிகழ்த்தும் ரீஎனாக்ட்மென்ட் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்களும் அந்த இரும்பைத்தான் முதலில் தேடுகிறார்கள். ராயபுரத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் இதில் இறங்கியபோது நானும் அப்படித்தான் தேடினேன். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில் ஆணியில் மாட்டி வைத்த இரும்பு வளையச் சட்டை ஒரே வாரத்தில் செங்காவி நிறத்துக்கு மாறியது. மே மாதக் காலை ஒன்றில் அதை அணிந்து மொட்டை மாடியில் பத்து நிமிடம் நின்றபோது மீதிப் பாடமும் முடிந்தது. ஆகவே நம் ஊரில் இதைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் துணிக் கவசம் தையுங்கள், இரும்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது கைக்காசு இல்லாதவனுக்குச் சொல்லும் சமாதானம் அன்று. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி 1181இல் பிறப்பித்த ஆயுத ஆணையில், ஓரளவு சொத்துள்ளவர்கள் வளையச் சட்டை வைத்திருக்க வேண்டும் என்றும், மற்றச் சுதந்திரக் குடிமக்கள் பஞ்சோ துணியோ வைத்துத் தைத்த சட்டையும் இரும்புத் தொப்பியும் ஈட்டியும் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்திருந்தார். 300 ஆண்டுகள் கழித்து, 1483இல் லண்டனில் இருந்த டொமினிக் மான்சினி என்ற இத்தாலியர், ஆங்கிலப் படையின் சாதாரண வீரர்கள் மார்பில் இரும்பு அணிவதில்லை என்றும், இடுப்புக்குக் கீழ்வரை தொங்கும் மெத்தென்ற சட்டைகளையே அணிகிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். சட்டை எவ்வளவுக்கு மென்மையோ அவ்வளவுக்கு அது அம்பையும் வாளையும் தாங்கும் என்பது அந்த வீரர்களின் நம்பிக்கை. இந்த வகைச் சட்டைகளில் ஒன்றுக்கு அக்கிட்டன் என்று பெயர். பருத்தியைக் குறிக்கும் அல்-குத்ன் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்ததால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து இதைத் தைக்கும்போது, பருத்தி எங்கெல்லாம் போய்வந்திருக்கிறது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

தைப்பதற்கு முன் ஒரு நாட்டையும் ஒரு பத்தாண்டையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். 13ஆம் நூற்றாண்டுச் சட்டையோடு 15ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசத்தைச் சேர்த்து அணிவது, அரசர் காலத்து நாடகத்தில் கைக்கடிகாரம் கட்டி வந்து நிற்பதைப் போன்றது. நான் எடுத்துக்கொண்டது 1470களின் மேற்கு ஐரோப்பியக் காலாள். 1471இல் போர் நடந்த இங்கிலாந்தின் டியூக்ஸ்பரியில் இன்றும் ஜூலை மாதத்தில் அந்தப் போரை மீள நிகழ்த்துகிறார்கள் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் காலத்துத் துணிக் கவசத்தின் பெயர் ஜாக். அதை எப்படித் தைக்க வேண்டும் என்று பிரான்சின் பதினோராம் லூயி (ஆட்சி 1461 முதல் 1483 வரை) காலத்து ஆணை ஒன்று தையற்காரரிடம் சொல்வதைப் போலவே சொல்கிறது: 25 அல்லது 30 மடிப்புத் துணி, அதன்மேல் ஒரு மான்தோல், துணி புதியதாக இருப்பதைவிட உடுத்தி உடுத்தி இளகியதாக இருப்பதே நல்லது, நான்கு துண்டுகளாகத் தைக்க வேண்டும், கைக்குழி தோள்பட்டை எலும்பின்மேல் விழாமல் கழுத்துப்பட்டிக்கு அருகில் இருக்க வேண்டும்.

உடுத்தி இளகிய துணி என்று படித்தவுடன் எனக்குத் தாத்தாவின் வேட்டிகள்தான் நினைவுக்கு வந்தன.

வேட்டிகளைச் சேர்ப்பது

மார்பு 96 சென்டிமீட்டர் உள்ள ஒருவருக்குத் தொடை நடுவரை வரும் ஜாக்கின் ஒரு மடிப்புக்கு, கைகளையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு நாலு முழ வேட்டி செலவாகும். போர்க்களத்துக்குத்தான் 30 மடிப்பு. மழுங்கிய கருவிகளோடும் மரக் கம்போடும் பயிற்சி செய்கிற நமக்கு உடம்புப் பகுதியில் 15 மடிப்பும் கைகளில் 8 மடிப்பும் போதும். அதாவது எட்டு முழ வேட்டிகள் ஏழெட்டு இருந்தால் வேலை முடிந்துவிடும். உறவுக்காரர் வீடுகளில் சொல்லி வையுங்கள். பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்களில் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

சேர்ந்த வேட்டிகளில் கலப்பு நூல் இருக்கக் கூடாது. வேட்டியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் விரலில் நசுக்கியதும் பொடியாகிவிடும்; பாலியெஸ்டர் என்றால் இழை சுருண்டு உருகிக் கடுகளவு கெட்டி மணியாக நின்றுவிடும். அப்படி மணி விழுந்த வேட்டியைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் அது வியர்வையை உறிஞ்சாது. கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும்; ஜரிகை அடுக்கடுக்காகச் சேரும் இடத்தில் ஊசி முறியும். சொட்டு நீலத்தின் சாயல் இருந்தாலும் கவலையில்லை, உள்ளே போவதை யாரும் பார்க்கப் போவதில்லை.

வெளிப்புறத்துக்கும் உள்புறத்துக்கும் காடா துணி தலா மூன்று மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு லினன் பயன்படுத்தினார்கள் என்றாலும் லினன் விலைக்குக் காடாவே நமக்குக் கட்டுப்படியாகும். நான்கடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கோடவுன் தெருவில் மொத்த விலைக்கும், எம்.சி. ரோட்டில் மீட்டர் கணக்கிலும் கிடைக்கும். வாங்கியதை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சி போகும்வரை அலசி, வெயிலில் காய வைத்த பிறகே கத்தரி வையுங்கள். காடா சுருங்கும் துணி; வெட்டிய பிறகு சுருங்கினால் உள்ளே இருக்கும் வேட்டி அடுக்குகள் தொளதொளவென்று நிற்கும்.

வேட்டி கிடைக்காதவர்கள் பஞ்சு அடைக்கலாம், ஆனால் மெத்தைக் கடையில் பொதுவாகக் கொடுக்கும் இலவம் பஞ்சு வேண்டாம். அது வழுக்கிக்கொண்டு கீழ்ப்பக்கம் இறங்கிவிடும், எளிதில் தீப்பிடிக்கும், தையல் ஓட்டை வழியாக மூக்குக்குள்ளும் வரும். எங்கள் குழுவில் ஒருவர் மலிவாக இருக்கிறதே என்று அதை அடைத்துவிட்டு, சட்டை நிலைக்கும் நிலைக்கும் என்று மூன்று மாதம் காத்திருந்தார். இலவு காத்த கிளி என்ற பழமொழிக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அடைத்துத்தான் தீர வேண்டுமென்றால் பருத்திப் பஞ்சு என்று கேட்டு வாங்குங்கள்.

வெட்டு

முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு துண்டுகள். மார்புச் சுற்றளவோடு உடல் அசைவுக்காக 12 முதல் 15 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அதோடு துணியின் தடிமனுக்கும் கணக்கு உண்டு: சட்டை ஒரு மில்லிமீட்டர் தடித்தால் சுற்றளவில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கூடும். 15 மடிப்பு சேர்ந்து ஆறேழு மில்லிமீட்டர் வரும் என்பதால் இன்னும் 4 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். ஆக 96 மார்புக்குச் சட்டை 112 முதல் 115 வரை வரும். உள்ளேயிருந்து வெளியே போகப் போக, ஐந்து மடிப்புக்கு ஒருமுறை பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் பெரிதாக வெட்டிக்கொண்டால் உள்மடிப்புகள் கசங்கிக் கட்டியாகாது.

கைக்குழியில்தான் எல்லோரும் தவறுகிறோம். என் முதல் ஜாக்கை எங்கள் தெருத் தையற்காரரிடம் கொடுத்தேன். துணிக் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது சட்டையா, தலகாணியா?” என்று கேட்டார். சட்டைதான் அண்ணே என்று நான் சொன்னதும், அளவுச் சட்டையை வாங்கிக்கொண்டு, நாற்பது வருடக் கைப்பழக்கத்தில் கைக்குழியைச் சரியாகத் தோள்பட்டை எலும்பின்மேல் வைத்துத் தைத்துவிட்டார். அணிந்து கையை உயர்த்தினால் சட்டை முழுவதும் காதுவரை ஏறியது. சிலம்பக் கம்பைத் தலைக்குமேல் சுழற்றவே முடியவில்லை. பிழை அவருடையது அன்று. கழுத்தோரமாகக் குழியை ஒதுக்குங்கள், அக்குளில் அகலமாக விடுங்கள் என்று லூயி அரசரின் ஆணை எழுதி வைத்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. மெல்லிய சட்டையில் துணி மடங்கிக் கைக்கு இடம் கொடுக்கும், 15 மடிப்பு மடங்காது என்பதுதான் காரணம். பழைய ஜிப்பாக்களில் அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பார்களே, அதை நினைவில் வைத்துக்கொண்டு இங்கும் 12 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை, மூன்று நான்கு மடிப்பு மட்டும் வைத்து, சேருங்கள். முதலில் ஒற்றைக் காடாவில் மாதிரி ஒன்றைத் தைத்து அணிந்து, கம்பு சுற்றியும் குந்தி உட்கார்ந்தும் பார்த்த பிறகே வேட்டிகளை வெட்ட வேண்டும்.

தையல்

நான்கு துண்டுகளையும் தனித்தனியே அடுக்கித் தைத்து முடித்த பிறகுதான் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அடுக்கை வழவழப்பான தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவிவிட்டு, அதே திசையில் உள்ளங்கை அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு மடிப்புகளை நிறுத்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி அலையலையாகப் புடைத்துக்கொள்ளும். பிறகு மேலிருந்து கீழாக ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வரிசை நெருக்கமாகத் தைக்க வேண்டும். இழுத்து இறுக்காதீர்கள், மான்சினி கேட்டறிந்த அந்த மென்மை, மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே நழுவுவதில்தான் இருக்கிறது.

வீட்டுத் தையல் இயந்திரம் இந்தத் தடிமனுக்கு அழுதுவிடும். பள்ளிப் பையும் தார்ப்பாயும் தைக்கும் கடைகளில் கனமான இயந்திரம் இருக்கும். 18ஆம் எண் ஊசி போட்டுத் தரச் சொன்னால் ஒரு மாலையில் வரிசைகளை ஓட்டிவிடுவார்கள். வெளியே தெரியும் தையல் கையால் போட்டதாகத் தோன்ற வேண்டும் என்று நினைப்பவர்கள், கோணி ஊசியில் தேன்மெழுகு தடவிய தடித்த நூலைக் கோத்துத் தைக்கலாம். எனக்கு அப்படித் தைக்க ஐந்து வாரம் ஆயிற்று, ஆனால் அதன் அழகே தனி.

துண்டுகளை இணைக்கும்போது இரு பக்கமும் 15, 15 மடிப்பு சேர்ந்து முதுகில் வரப்பு போல் எழும்பக் கூடாது. அதற்காக உள்வேட்டிகளை ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே நிறுத்தி, வெளிக்காடாவை மட்டும் வெளிக்காடாவோடு தைத்து, உள்பக்கத்தில் உள்காடாவை மடித்து அதன்மேல் மூடித் தைத்துவிடுங்கள்.

முன்பக்கம் பொத்தான் வேண்டாம், நாடா கோத்துக் கட்டுவதே ஆணையில் உள்ள முறை. நாடாத் துளைக்கு இரும்பு ஐலெட் அடிப்பது பிற்காலத்துப் பழக்கம். பார்த்தவுடன் காட்டிக் கொடுத்துவிடும். செருப்புத் தைப்பவரின் குத்தூசியால் இழைகளை வெட்டாமல் விலக்கித் துளையை உண்டாக்கி, சுற்றிலும் காஜா எடுப்பதுபோல் நெருக்கமாகத் தைத்தால் துளை கிழியாது. நாடாவுக்குப் பாவாடை நாடாவே போதும். தோல் வார்தான் வேண்டுமென்றால் பெரியமேட்டில் கிடைக்கும். திறப்புக்கு உள்ளே, சட்டையின் அதே தடிமனில் நாலு விரல் அகலப் பட்டி ஒன்று தொங்க வேண்டும், இல்லையென்றால் இடைவெளியில் விழும் குத்து நேரே நெஞ்சில்தான் விழும்.

உடுத்துவதும் உலர்த்துவதும்

ஜாக்கை வெற்றுடம்பில் அணியக் கூடாது. கீழே மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் கையும் கழுத்துப்பட்டியும் இல்லாத இரண்டு மடிப்பு உள்சட்டை, அதில் நாடாவால் கட்டிய நீண்ட காலுறை, அதற்குமேல் ஜாக் என்பதே அக்கால வரிசை. தலைக்கு சாலட் என்ற இரும்புக் கவசம் உண்டு. அதை விலைக்கு வாங்குவதே நல்லது. கடற்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கத் தையல் இயந்திர எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். வாள் விஷயத்தில் விளையாட வேண்டாம்: நம் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுள்ள வாளை ஆயுதமாகவே கணக்கிடுகின்றன. மரத்தில் செய்த பயிற்சி வாளே போதும்.

என் ஜாக்கின் எடை 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடையை உடம்பு பழகிக்கொள்ளும், புழுக்கத்தை அவ்வளவு எளிதில் பழகாது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் மட்டும் பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடாவை அவிழ்த்து, உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ குடியுங்கள். ஒருவருக்குத் தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தும் வியர்வை நின்றுவிட்டாலோ, நாடாவை அவிழ்த்துக்கொண்டிருக்காமல் கத்தரியால் வெட்டிச் சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அந்தக் கத்தரி எங்கள் தண்ணீர்க் குடத்தின் காதில் எப்போதும் கட்டியிருக்கும்.

ஜாக்கை அடிக்கடி துவைக்க முடியாது, 15 மடிப்பும் காய மூன்று நாளாகும். உள்ளே அணியும் பருத்திச் சட்டையை ஒவ்வொரு முறையும் துவைத்துவிட்டு, ஜாக்கை உள்வெளியாகத் திருப்பி, மூங்கில் கழியைக் கைகளுக்குள் குறுக்காகச் செருகி மாடியில் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை மடித்துப் பீரோவில் வைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூத்துவிடும். அந்த இரண்டு மாதமும் மின்விசிறிக்கு அடியில் கொடியில் கிடப்பதே அதற்கு நல்லது. மழை முடிந்து எடுக்கும்போது அக்குள் சதுரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். தையல் முதலில் விடுவது அங்கேதான். அங்கே வைத்துத் தைக்க வேட்டித் துண்டு இரண்டை எடுத்து வைத்திருங்கள்.