வாடகை வரம்பில் போன பணம்

அப்பாவின் பித்தப்பை ஆபரேஷனுக்கு பில் 1.4 லட்சம். மருத்துவக் காப்பீட்டு பாலிசி 3 லட்சத்துக்கு இருக்கே என்று தெம்பாக இருந்தேன். கிடைத்ததோ பாதிக்குக் கொஞ்சம் மேல்.

காரணம் அறை வாடகை. காப்பீட்டுத் தொகையில் 1% தான் வரம்பு, அதாவது நாளைக்கு 3,000. நாங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை. வித்தியாசத்தை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைத்தது என் தப்பு. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டிவிட்டார்கள். மருந்தும் பரிசோதனைகளும் தப்பின.

அப்புறம் நாலு பாலிசிகளின் விதிமுறைகளை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். (விளம்பரத் தாளில் இதெல்லாம் இருக்காது.) பிரீமியத்தைக் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் அறை வரம்பு, பிறகு கண்புரைக்குத் தனி உச்சவரம்பு, கோ-பே (பில்லில் நாமே கட்டவேண்டிய பங்கு). மலிவாகத் தெரிந்த ஒன்றில் 20% கோ-பே!

வாடகை வரம்பில்லாத, தனி அறை தரும் வேறு நிறுவனத்தின் பாலிசிக்கு போர்ட் செய்தேன், அதாவது பழையதை விடாமல் அப்படியே மாற்றிக்கொண்டேன். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்பே விண்ணப்பிக்கச் சொன்னார்கள். சர்க்கரை நோய்க்குக் காப்பீடு கிடைக்கப் பழைய பாலிசியில் காத்திருந்த வருடங்கள் புதியதிலும் அப்படியே கணக்கில் சேர்ந்துகொண்டன. பிரீமியம் கூடியது, அப்பா இன்னும் முணுமுணுக்கிறார்.